நாணயத்துக்கு மார்க் போடுவது: 70 புள்ளி அளவுகோல் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

சித்தப்பா மகன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, அப்பாயி வச்சிருந்த ராஜா காசெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? அதை கிரேடிங்குக்கு அனுப்புவோமா? வீடியோல ஒரே ஒரு ரூபாய்க் காசு லட்சக்கணக்குல போகுதுங்கிறான். அறுபதுக்கு மேல நம்பர் வந்தாப் போதுமாம்."

"பாத்துட்டு சொல்றேன்டா" என்று போனை வைத்தேன். மொத்தம் ஒன்பது வெள்ளி ரூபாய்கள். இரண்டு விக்டோரியா, ஒரு எட்வர்டு, மிச்சம் ஆறும் ஐந்தாம் ஜார்ஜ். அவற்றுக்கு அறுபது வராது என்று எனக்குத் தெரியும். ஏன் வராது என்று அவனுக்குப் புரியும்படி சொல்ல உட்கார்ந்தபோதுதான், நானே இந்த அறுபதையும் எழுபதையும் சரியாக யோசித்ததில்லை என்று உறைத்தது. அந்த யோசனைதான் இந்தப் பதிவு. நாணயம் சேர்க்க ஆரம்பித்திருக்கும் நண்பர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டவணை

ஆரம்பநிலைச் சேகரிப்பாளர்களுக்கான எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் ஓர் அட்டவணை இருக்கும். 1-லிருந்து 70 வரை எண்கள், பக்கத்திலேயே ஆங்கிலப் பெயர்கள். புவர் 1. குட் 4. வெரி குட் 8. ஃபைன் 12. வெரி ஃபைன் 20. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 40. அபவுட் அன்சர்குலேட்டட் 50. 60-க்கு மேல் மின்ட் ஸ்டேட், அதாவது புழக்கத்துக்கே போகாத காசு. 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாத காசு.

புதிதாக வருபவருக்கு இதில் இரண்டு விஷயம் இடிக்கும். ஒன்று, பெயர்கள். 'குட்' என்று எழுதியிருந்தால் நல்ல காசு என்று நினைத்துவிடாதீர்கள். தலையின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சி, உள்ளே இருந்ததெல்லாம் வழுவழு என்று தேய்ந்துபோன காசுக்குத்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் 'முயற்சி தேவை' என்று எழுதுவார்களே, ஏறக்குறைய அதுதான் இங்கே 'குட்'.

இரண்டாவது இடி, எண்கள் போகிற வேகம். 4, 8, 12 என்று நாலு நாலாகப் போய், 20 வந்து, திடீரென்று 40-க்குத் தாவுகிறது. 20-க்கும் 40-க்கும் இடையில் அப்படி என்ன நடந்துவிட்டது? காசின் தேய்மானம் பாதியாகிவிட்டதா? வழிகாட்டிகள் இதற்குப் பதில் சொல்வதில்லை. மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. என் விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது. பதில் தெரிந்தால் இந்த அளவுகோலைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

அந்த எண்கள் விலையாகப் பிறந்தவை

1949-ல் வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன் என்ற அமெரிக்கர் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1793 முதல் 1814 வரை அமெரிக்காவில் அடிக்கப்பட்ட பெரிய செப்பு சென்ட் நாணயங்களைப் பற்றியது. 1-லிருந்து 70 வரை போகும் அளவுகோல் அதில்தான் முதலில் வந்தது. அவருடைய கணக்கு எளிமையானது. ஒரு வகைக் காசின் மிக மோசமான பிரதிக்கு ஓர் அடிப்படை விலை வைத்துக்கொள்ளுங்கள். அதை நிலை எண்ணால் பெருக்கினால் அந்தக் காசின் விலை. அடிப்படை விலை 1 டாலர் என்றால் 4-ம் எண் காசு 4 டாலர், 20-ம் எண் காசு 20 டாலர், 70-ம் எண் காசு 70 டாலர்.

20-க்கும் 40-க்கும் இடையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு இதுதான் விடை. விலை இரட்டிப்பானது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில், அந்த ஒரு வகைச் செப்புக் காசுக்கு, அந்தச் சந்தையில் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் காசு வெரி ஃபைன் காசைப் போல் இரண்டு மடங்கு விலை போனது. எண்கள் தேய்மானத்தை அளந்து வந்தவை அல்ல. விலைப்பட்டியலிலிருந்து இறங்கி வந்தவை.

அந்த விலைக்கணக்கு வெகுநாள் தாங்கவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1884-ல் சான் பிரான்சிஸ்கோ ஆலையில் அடித்த மோர்கன் வெள்ளி டாலர், எண்ணிக்கை 32 லட்சம். தேய்ந்த வெரி ஃபைன் நிலையில் இன்று சில பத்து டாலருக்குக் கிடைக்கும். ஷெல்டன் கணக்குப்படி 60-ம் எண் காசு அதைப்போல் மூன்று மடங்கு விலைதான் இருக்க வேண்டும். ஆனால் நிஜத்தில் மின்ட் ஸ்டேட் விலை ஆயிரக்கணக்கான டாலரில் ஆரம்பித்து, மேல்படிகளில் லட்சத்தைத் தாண்டுகிறது. பெருக்கல் வாய்ப்பாடு செத்துப்போய்விட்டது. அதற்காகச் செய்த எண்கள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. 1970-களில் அமெரிக்க நாணயவியல் கழகம் இதையே எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் பொது அளவுகோலாக எடுத்துக்கொண்டது. பிறகு 60-க்கும் 70-க்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு எண்ணும் தனிப்படியாயிற்று.

ஷெல்டன் தொழில்முறையில் உளவியல் அறிஞர். மனித உடல்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் மூன்று கூறுகளில் 1 முதல் 7 வரை எண் போட்டு, அதிலிருந்து குணத்தையும் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். அந்தக் கொள்கையை உளவியல் பின்னால் கைவிட்டுவிட்டது. அதே மனிதர் காசுக்குப் போட்ட எண்ணை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. அவர் 1977-ல் இறந்த பிறகு, நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சென்ட் காசுகளை அவர் எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் அதே வகையில் தரம் குறைந்த காசுகளை வைத்திருந்தது தெரியவந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தரத்துக்கு எண் கொடுத்தவரே தரம் பார்த்து மாற்றியிருக்கிறார். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்தான். அந்த ஒற்றுமை அவருக்குப் பொருந்தவில்லை.

அதற்காக அளவுகோலே பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆளைப் பார்த்து அளவுகோலைத் தள்ளுவது நியாயமான விமர்சனம் ஆகாது. நான் சொல்வது ஒன்றுதான்: அந்த எண்ணை வெப்பமானி காட்டும் எண் மாதிரி வாசிக்காதீர்கள். அது முதலிலிருந்தே சந்தையின் குரல்.

ஒரே கோட்டில் இரண்டு அளவுகள்

அடுத்த சிக்கல் இதைவிட நுணுக்கமானது. 1 முதல் 58 வரை இந்த அளவுகோல் கேட்பது ஒரே கேள்வி: காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது? 60-க்கு மேலே கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே தேய்மானம் இருக்கவே கூடாது. அதனால் வேறு விஷயங்களைப் பார்க்கிறார்கள். அச்சு எவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது, ஆலையிலிருந்து பையில் வரும்போது மற்ற காசுகள் இடித்த வடு எத்தனை, மினுக்கம் எப்படி, மொத்தத்தில் கண்ணுக்கு எப்படி இருக்கிறது. கடைசியாகச் சொன்னது முழுக்க ரசனை.

விளைவு என்ன தெரியுமா? 58 வாங்கிய காசு பல நேரம் 60 வாங்கிய காசைவிட அழகாக இருக்கும். 58-ல் லேசாக ஒரே ஒரு இடத்தில் உரசல். 60-ல் உரசலே இல்லை, ஆனால் முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி வடுக்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு குழந்தையைக் கேட்டால் 58-ஐத்தான் கையில் எடுக்கும். சந்தையும் இதை அறியும். அதனால்தான் லேசான உரசல் உள்ள அழகான காசு சில நேரம் 60-க்கு மேல் எண் வாங்கிவிடுகிறது. 'மார்க்கெட் கிரேடிங்' என்று இதற்குப் பெயரே உண்டு. தேய்மானத்தைப் பார்த்து எண்ணைச் சொல்வதற்குப் பதில், போகும் விலையைப் பார்த்து எண்ணைச் சொல்வது.

நம் ஊர்ச் சேகரிப்பாளருக்கு இன்னொரு குழப்பமும் சேர்கிறது. நாம் பிரிட்டிஷ் வழியில் விஎஃப், இஎஃப், யுஎன்சி என்று எழுத்துகளில் பேசிப் பழகியவர்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கில் இஎஃப் என்றால் கறாரானது. அமெரிக்க எண்ணில் அது 50-ஐ ஒட்டி வரும். அமெரிக்க அட்டவணையிலோ எக்ஸ்எஃப் 40-ல் தொடங்குகிறது. கண்காட்சியில் ஒருவர் "எக்ஸ்எஃப் சார்" என்று சொன்னால், எந்த ஊர் எக்ஸ்எஃப் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

கருத்தை பிளாஸ்டிக்கில் அடைத்தபோது

1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் வேலையைத் தொடங்கின. காசை அனுப்பினால் நிபுணர்கள் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, எண் போட்டு, திறந்தால் தெரிந்துவிடும்படி மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சேகரிப்பாளர்கள் அதை 'ஸ்லாப்' என்பார்கள்.

இதில் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் விற்பவர் வாயில் வருவதுதான் தரம். விற்கும்போது யுஎன்சி, அதே காசைத் திருப்பி விற்கப் போனால் "விஎஃப்தான் சார்". மூன்றாவது மனிதர் ஒருவர் நடுவில் வந்தது பெரிய பாதுகாப்பு. குறிப்பாகப் போலிகள் மலிந்த விலை உயர்ந்த காசுகளுக்கு ஸ்லாப் அவசியம் என்றே சொல்வேன்.

ஆனால் பெட்டிக்குள் இருப்பது காசு, பெட்டியின் மேல் இருப்பது கருத்து. இரண்டையும் சேர்த்து மூடியதால் கருத்தும் வெள்ளி மாதிரிக் கெட்டியாகத் தெரிகிறது. 1990-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பிசிஜிஎஸ் மீது நடவடிக்கை எடுத்தது. தரமிடுதல் சீரானது, புறநிலையானது என்று விளம்பரங்கள் மிகைப்படுத்துகின்றன என்பது புகார். சமரசத்தில் முடிந்தது. எண் சொல்வது கருத்து என்பதை ஓர் அரசு அமைப்பே சொல்ல வேண்டி வந்தது.

சேகரிப்பாளர்களுக்கு இது நடைமுறையில் நன்றாகவே தெரியும். 64 வந்த காசை, பெட்டியை உடைத்து எடுத்துத் திரும்ப அனுப்புவார்கள். 65 வந்தாலும் வரும் என்று ஒரு நப்பாசை. அதே காசு, அதே நிறுவனம். சில நேரம் வந்தும்விடும். இப்படிப் பலமுறை போய்வரும் காசு, பழைய சீட்டுத் திரும்பிப் போகாவிட்டால், நிறுவனத்தின் கணக்கில் பல காசுகளாகப் பதிவாகும். 'இந்தத் தரத்தில் இத்தனைதான் உண்டு' என்ற பட்டியலை வைத்து விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

2007-ல் இன்னொரு படி போனார்கள். சிஏசி என்ற நிறுவனம் வந்தது. ஏற்கெனவே ஸ்லாப்பில் இருக்கும் காசைப் பார்த்து, கொடுத்த எண்ணுக்கு இது தகுதியானதுதான் என்று பெட்டியின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும். எண்ணைவிடவே உயர்ந்த காசு என்றால் தங்க நிற ஸ்டிக்கர். நடத்தியவர் ஜான் அல்பனீஸ். பிசிஜிஎஸ் தொடங்கியபோது கூட இருந்தவர், என்ஜிசியைத் தொடங்கியவர். அதாவது, மார்க் போட்டவர்களின் மார்க்குக்கு மார்க். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு 65-ம் இன்னொரு 65-ம் ஒன்றல்ல என்பதை இதைவிட நேர்மையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

நம் பழைய சோதனை என்ன கேட்டது?

காசைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு 'வண்ணக்கன்' என்று ஒட்டியிருக்கும். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் ஓர் உதாரணம். நாணயம் சோதிப்பவர் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் சராப்புகள் வந்தார்கள். எடை போடுவார்கள், உரைகல்லில் உரசுவார்கள், சுண்டி ஓசை கேட்பார்கள், வெள்ளி ரூபாயில் சின்ன உளி முத்திரை குத்தி உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்ப்பார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி, இது நல்ல காசா என்பது. இன்றைய அளவுகோல் கேட்கும் கேள்வி, இது எவ்வளவு புதுசு என்பது. கேள்வி மாறியதும் விடையும் தலைகீழாகிவிட்டது. சராப்பின் முத்திரை அன்று காசுக்கு நம்பிக்கை சேர்த்தது. இன்று அது பெரும்பாலும் சேதம். கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றிய காசு தன் வேலையைச் செய்த காசு. அதற்கு மார்க் 8. பெட்டியிலேயே படுத்துக் கிடந்த காசுக்கு 66. உழைக்காததுதான் இங்கே தகுதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் உழைக்காத காசு அபூர்வம், அபூர்வத்துக்கு விலை உண்டு. ஆனால் 'உயர்ந்த தரம்' என்று படிக்கும்போது, எதில் உயர்வு என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளலாம்.

என் 1919 ரூபாயும் அப்பாயியின் விபூதியும்

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் சேர்க்க ஆரம்பித்த முதல் வருடம், ஒரு கண்காட்சியில் 1919-ம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று வாங்கினேன். அட்டை உறையில் பால்பாயிண்ட் பேனாவால் 'யுஎன்சி' என்று எழுதியிருந்தது. பளபள என்று இருந்தது. அன்றைய வெள்ளி விலையைப் போல் மூன்று மடங்கு கொடுத்தேன். பல மாதம் கழித்து, இருபது முப்பது வருடமாகச் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். ஜன்னல் பக்கம் போய், காசை விரல்களில் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல பாலிஷ் இருக்கு. மினுக்கம் இல்ல."

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இல்லை. ஆலையில் அச்சு ஓங்கி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் ஆரம் ஆரமாகப் பதிகின்றன. புதுக்காசை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சுழற்றினால், ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரிச் சுற்றி வரும். அதுதான் மின்ட் மினுக்கம். தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த நுண்கோடுகள் அழிந்துவிடும். அப்புறம் ஒளி சுற்றாது, மொத்தமாக ஒரே மாதிரி அடிக்கும். கூடவே துணியோ தூளோ இழுத்த மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் தெரியும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு மிச்சமிருக்கும். போன மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

வீட்டுக்கு வந்து அப்பாயியின் காசுகளை எடுத்து லூப் வைத்துப் பார்த்தேன். அதே கீறல்கள்.

அப்பாயி ஆடி வெள்ளிக்கும் தை வெள்ளிக்கும் அந்தக் காசுகளை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, ஈரத்துணியில் விபூதி தொட்டு அழுத்தித் தேய்ப்பாள். குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு காசும். பிறகு சந்தனம், குங்குமம் வைத்து விளக்குக்கு முன்னால் அடுக்குவாள். கறுத்த வெள்ளி வீட்டுக்கு ஆகாது என்பாள். கறுப்பு என்பது வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தப் படலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் போகும். நாற்பது வருடம் தேய்த்திருக்கிறாள். விக்டோரியாவின் தலைமுடி வழுவழு என்று ஆகிவிட்டது. ஒரு ஜார்ஜ் ரூபாயின் விளிம்பில் பற்றுவைத்த தழும்பும் இருக்கிறது. ஏதோ ஒரு காலத்தில் காசுமாலையில் இருந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட காசுகளை அனுப்பினால் எண்ணே வராது. அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்று 'டீடெய்ல்ஸ்' சீட்டுப் போட்டு அனுப்புவார்கள். பிசிஜிஎஸ்ஸில் அதற்கு 92 என்று ஒரு குறியீடே உண்டு. அந்த 92 மார்க் இல்லை, குற்றத்தின் பெயர்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. என்னை ஏமாற்றிய காசுக்கும் அப்பாயி சாமிக்கு வைத்த காசுக்கும் ஒரே சீட்டா? கொஞ்ச நாள் கழித்து யோசித்தால், அளவுகோல் இதில் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. வெள்ளிக்கு யார் தேய்த்தார்கள், எதற்குத் தேய்த்தார்கள் என்று தெரியாது. கீறல் கீறல்தான். அந்த வித்தியாசத்தைக் காசிடம் கேட்க முடியாது, காசை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். தப்பு எப்போது வரும் என்றால், அந்த எண்ணையே காசின் முழு மதிப்பு என்று நாம் எடுத்துக்கொள்ளும்போது.

அப்படியானால் ஆரம்பத்தில் என்ன செய்யலாம்?

எண்ணை மனப்பாடம் பண்ணுவதற்கு முன்னால் ஒரே ஒரு வகைக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் ரூபாய் நல்ல தேர்வு, ஏராளமாகக் கிடைக்கும். தேய்ந்தது, பாதி தேய்ந்தது, நல்லது என்று நாலைந்து காசை வரிசையாக வைத்துப் பாருங்கள். தலைப்பக்கத்தில் மேடான இடங்கள் முதலில் தேயும்: புருவம், மீசை, காது, கிரீடத்தின் வேலைப்பாடு. மேடு எது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது.

அச்சு எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1911 ரூபாயில் மன்னர் அங்கியிலுள்ள யானைக்குத் துதிக்கை குட்டையாக இருக்கும். தேய்ந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அச்சே அப்படித்தான். அது பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் யானையைத் திருத்தினார்கள். அசலின் முகம் தெரியாதவர் தேய்மானத்தை அளக்க முடியாது.

எடை பாருங்கள். ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், ஆனால் நிறையக் குறைந்தாலோ கூடினாலோ சந்தேகப்பட வேண்டும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். பிவிசி உறையில் போடாதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்காதீர்கள். பேஸ்ட், புளி, விபூதி எதுவும் வேண்டாம். கறுத்துப் போன காசு கறுத்தே இருக்கட்டும்.

ஸ்லாப் எப்போது? அந்த எண் ஒரு படி ஏறினாலோ இறங்கினாலோ பெரிய பணம் மாறும் காசுக்கு, அல்லது போலி அதிகம் உலவும் காசுக்கு. சாதாரண வருடத்து ரூபாயை அனுப்பினால் கட்டணமும் தபாலும் சேர்ந்து காசின் விலையையே விழுங்கிவிடும்.

அப்புறம் அந்த வீடியோக்கள். பழைய நாணயங்களை வாங்கவோ விற்கவோ என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் அறிக்கை விட்டது. லட்சம் தருகிறேன் என்பவர் முதலில் உங்களிடம் பணம் கேட்டால், விஷயம் அங்கேயே முடிந்தது.

தம்பிக்குப் பதில் சொல்ல அடுத்த ஞாயிறு அவனை வீட்டுக்கே வரச் சொன்னேன். லூப்பைக் கையில் கொடுத்து, என் 1919 ரூபாயையும் அப்பாயியின் ஜார்ஜ் ரூபாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே? எது கடைக்காரன் தேச்சது, எது அப்பாயி தேச்சதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் எழுதி வைக்கணும்."

ஒன்பது காசுக்கும் தனித்தனி உறை வாங்கி, ஒவ்வொன்றிலும் வருடம், எடை, எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதிப் போட்டோம். பற்றுவைத்த தழும்புக் காசை அவன் கேட்டான், கொடுத்துவிட்டேன். கிரேடிங் பேச்சு அதோடு நின்றது. 1919 ரூபாயின் அட்டையில் இருந்த 'யுஎன்சி'யை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் 'பாலிஷ் செய்தது, நான் ஏமாந்தது' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

1862 என்று வருடம் போட்ட விக்டோரியா ரூபாயைப் பல வருடம் அதே வருடத்தோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவற்றில் சிலவற்றை அதிலுள்ள சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் பிரித்தறிய முடியும். அதைப் பற்றி அடுத்த குறிப்பில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பழைய காசுகளை யார் தேய்த்தார்கள் என்று தெரிந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.